வெள்ளைன்னு சொன்னேன்

நான் சொன்ன மொத பொய் ஒரே ஒரு வார்த்தை. "வெள்ளை." அவ்ளோதான். இருபத்திரெண்டு வருஷமா பிரசவ வார்டுல நின்னு நின்னு கால் நரம்பு சுருட்டிக்கினவளுக்கு உண்மையச் சொல்ல அஞ்சு செகண்டு ஆகாது. ஆனா சொல்லல.

என் பேர் ஜெயபுஷ்பம். ஆம்பூர்ல பைபாஸ ஒட்டி இருக்கிற ஒரு சின்ன நர்சிங் ஹோம்ல ஸ்டாஃப் நர்ஸ். என்னப் பாத்தா வார்டுல ஜனங்க பயப்படுவாங்க. பயப்படட்டும்னுதான் நானும் இருந்தேன். பொறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு எதுவும் கூடாதுன்னு என் கையாலயே பெருசா எழுதி சுவத்துல ஒட்டியிருக்கேன். அதுக்குக் கீழ எங்க லேப் அமீர் பாஷா பாய் அதையே உருதுல எழுதிக் குடுத்தாரு. இவ்ளோ எழுதியும் வாணியம்பாடிலேந்து வர்றவங்க தேன் கொண்டாருவாங்க, நாட்றம்பள்ளி ஜனங்க சர்க்கரைத் தண்ணி கொண்டாருவாங்க. எதுவா இருந்தாலும் பிடுங்கி சிங்க்ல கொட்டிட்டு, "இன்னாமா, புள்ளை பொழைக்கணுமா வாணாமா?"ன்னு நாலு பேர் முன்னாடி கேட்டுடுவேன். அழுதுட்டுப் போன கெழவிங்க உண்டு. அந்த மொகமெல்லாம் இப்ப ஒவ்வொண்ணா ஞாபகம் வருது.

சேனை வெக்கிறதுன்னு சொல்லுவாங்க. சர்க்கரைத் தண்ணில விரலத் தொட்டு, பொறந்த புள்ளை நாக்குல வெக்கிறது. யார் வெக்கிறாங்களோ அவங்க குணம் புள்ளைக்கு வரும்னு நம்பிக்கை. அதனால வீட்டுலயே நல்ல பேர் எடுத்தவங்களா, புள்ளைகுட்டியோட நல்லா வாழ்றவங்களா பாத்துத் தேடிப் புடிப்பாங்க.

எனக்குப் புள்ளை இல்ல. பதினோரு வருஷம் பாத்தாரு எங்க வீட்டுக்காரரு, அப்புறம் ஓசூர் பக்கம் போய் வேற குடும்பம் வெச்சிக்கினாரு. அதுக்கப்புறம் நல்ல காரியத்துக்கு என்னக் கூப்புடுவாங்க, ஆனா கை வெக்க விட மாட்டாங்க. யாரும் வாய்விட்டுச் சொல்றதில்ல, அதுதான் பெரிய பேஜாரு. என் தம்பி பொண்டாட்டி ஃபீபிக்கு வளைகாப்பு பண்ணும்போது நானும் பட்டுப் புடவை கட்டிக்கினு ரெண்டு டஜன் வளையலோட போய் நின்னேன். என் முறை வந்தப்ப ஃபீபியோட அம்மா அமிர்தவள்ளி சிரிச்ச மொகமா ஒரு ஃபோன என் கைல குடுத்து, "நர்சம்மா, நீங்க ஃபோட்டோ எடுங்களேன், உங்களுக்குத்தான் கை ஆடாது"ன்னாங்க. நானும் எடுத்தேன். எல்லாரும் வளையல் போட்டாங்க, ஒருத்தர் விடாம எடுத்தேன். ஒரு ஃபோட்டோல கூட நான் இல்ல.

தம்பி பேர் தானியேல். ஷூ ஃபேக்டரில கட்டிங் செக்ஷன் சூப்பர்வைசர். கல்யாணமாகி ஆறாவது வருஷத்துல அவனுக்குப் பொண்ணு பொறந்துச்சு. சனிக்கிழமை காலைல ஆறு இருபதுக்கு, எங்க நர்சிங் ஹோம்ல, என் கைலதான் வந்து விழுந்துச்சு. ரெண்டு கிலோ எண்ணூறு. வீல்னு அழுதுச்சு, மத்தியானத்துக்குள்ள கருப்பா மலம் போச்சு, பால நல்லா இழுத்துச்சு. ஒரு குறை சொல்ல முடியாது.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. எனக்கு ட்யூட்டி. ஆராதனை முடிஞ்சு பதினோரு மணிக்கு எல்லாரும் வந்தாங்க. அமிர்தவள்ளி அம்மா பைலேந்து ஒரு வெள்ளிக் கிண்ணத்த எடுத்தாங்க. எனக்கு உடனே புரிஞ்சிடுச்சு. திட்ட வாயத் தொறந்தேன், அதுக்குள்ள தானியேல் என் கையப் புடிச்சான்.

"அக்கா, திட்டாத. யார் சேனை வெக்கிறதுன்னு வீட்டுல பேசிட்டோம். நீதான் வெக்கணும்."

"இன்னாடா சொல்ற?"

"எம்பொண்ணு உன்ன மாதிரி வரணும்கா. உன் தைரியம் வரணும், உன் நேர்மை வரணும்."

அமிர்தவள்ளி அம்மா என் மொகத்தப் பாக்கல. ஆனா கிண்ணத்த என் பக்கம் நீட்டினாங்க. "வெய்ங்க நர்சம்மா."

நான் எழுதி ஒட்டின தாள் எனக்குப் பின்னாடியே சுவத்துல இருக்கு. ஆயிரம் பேருக்கு முடியாதுன்னு சொன்ன வாய் எனக்குன்னு வரும்போது அடைச்சிக்கிச்சு. எத்தன வருஷம்! ஒருத்தர் என்ன நம்பி, என் கைய நம்பி, ஒரு நல்ல காரியத்த நீட்டுறாங்க. அந்த நேரத்துல வேணாம்னு சொல்ற அளவுக்கு நான் பெரிய ஆளு இல்லப்பா. வெளிய யாரும் பாக்கக் கூடாதுன்னு ஸ்க்ரீன இழுத்து விட்டுட்டு, சோப்பு போட்டுக் கை கழுவிட்டு, சுண்டு விரல்ல தொட்டு வெச்சேன். பாப்பா சப்புக் கொட்டுச்சு. எனக்குக் கண்ணு ரொம்பிடுச்சு. அன்னிக்கு அந்தப் பத்து நிமிஷம் மாதிரி நான் எப்பவும் சந்தோஷமா இருந்ததில்ல, பொய் இன்னாத்துக்கு.

பன்னெண்டு மணிக்கு மேல தானியேல் பிரியாணி வாங்கப் போனான். ஞாயித்துக்கிழமை ஆம்பூர்ல வேற இன்னா சாப்புடுவாங்க? அமிர்தவள்ளி அம்மா கீழ யார்கிட்டயோ ஃபோன் பேசப் போனாங்க. ஃபீபி கண்ணசந்து படுத்திருந்தா. நான் தொட்டில்கிட்ட நின்னு பாப்பாவையே பாத்துக்கினு இருந்தேன். பன்னெண்டரை இருக்கும். பாப்பா ஒரு நெளி நெளிஞ்சுது. வாயோரமா வழிஞ்சு போத்தியிருந்த வெள்ளைத் துணில ஊறிச்சு.

பச்சை. வெளுத்த பச்சை இல்ல, மஞ்சள் இல்ல. கீரைய அரைச்சு ஊத்தின மாதிரி பச்சை.

ட்ரெயினிங் வர்ற பொண்ணுங்களுக்கு நான் மொத நாளே சொல்றது இதுதான். புள்ளை வெள்ளையா கக்கினா தொடைச்சு விடு, பச்சையா கக்கினா ஓடு. எங்கியோ குடல் அடைச்சிருக்கு, பித்தம் கீழ எறங்க வழி இல்லாம மேல வருது. வேறன்னு நிரூபிக்கிற வரைக்கும் அது ஆபரேஷன் கேஸ். மணி பாத்து எழுது, டாக்டரக் கூப்புடு. இத ஒப்பிக்காதவள நான் வார்டுக்குள்ள விட்டதில்ல.

நான் ஓடல. துணிய உருவிச் சுருட்டிக்கினு சிங்க்குக்குப் போய், சோப்பு போட்டு அலசினேன்.

ஏன்னு கேட்டா, சர்க்கரைத் தண்ணியால குடல் அடைக்காதுன்னு எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். அது வயித்துக்குள்ள இருக்கும்போதே வர்ற கோளாறு. டாக்டர் திட்டுவாங்களேன்னும் பயந்தேன், வாய்ல இன்னா குடுத்தீங்கன்னுதான் மொதல்ல கேப்பாங்க, சுவத்துல எழுதி ஒட்டினவ மானம் போய்டும். ஆனா அத விட ஜாஸ்தியா இன்னொரு பயம். மலடி கை வெச்சா, ஒன்றரை மணி நேரத்துல புள்ளை பச்சையா எடுத்துடுச்சு. இதுதான் என் காதுல கேட்டுச்சு. அமிர்தவள்ளி அம்மா குரல்ல கேட்டுச்சு. அவங்க அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்ல, நானே அவங்க வாய்ல போட்டு நானே கேட்டுக்கினேன். ஒரு தடவைதான, இன்னொரு தடவை வந்தா சொல்லிக்கலாம்னு துணியப் புழிஞ்சு காயப் போட்டேன்.

ஒரு மணிக்கு டாக்டர் தேவகி ரவுண்ட்ஸ் வந்தாங்க. வயித்தத் தொட்டுப் பாத்தாங்க. மெத்துன்னுதான் இருந்துச்சு.

"பால் குடிக்கிறாளா சிஸ்டர்? வாந்தி ஏதாவது?"

"ஒரு தடவை கக்கினா மேடம்."

"கலர்?"

"வெள்ளை."

"சரி. பால் குடுங்க, பாத்துக்கலாம்." பதினெட்டு வருஷமா என்கூட வேலை பாக்குறவங்க. நான் சொன்னா மறுபடி கேக்க மாட்டாங்க. அவங்க எழுதிட்டுப் போய்ட்டாங்க.

டாக்டர் போன கையோட தானியேல் வந்து பொட்டலத்த நீட்டினான். "அக்கா, உனக்குன்னு லெக் பீஸ் கேட்டு வாங்கினேன்." ட்யூட்டி ரூம்ல போய் உக்காந்தேன்.

மூணு மணிக்கு மறுபடியும் பச்சை, இப்ப ஜாஸ்தி. பஞ்சுல தொடைச்சு என் கோட்டுப் பாக்கெட்டுல போட்டுக்கினேன். இந்தத் தடவ சொல்லியிருக்கணும்ல? ஆனா மொத தடவ மறைச்சவ ரெண்டாவது தடவ எப்படிச் சொல்றது? மொதல்ல எப்போன்னு கேப்பாங்களே. ஒரு பொய் மேல உக்காந்துட்டா எழுந்திரிக்க முடியல. பாப்பா பால வேணாம்னு மொகத்தத் திருப்பிக்கிச்சு. அழுகை கம்மியாய்டுச்சு. ஃபீபி, "ஏன் அண்ணி சோர்ந்து போய் இருக்கா?"ன்னு கேட்டா. "தூக்கம்டி"ன்னேன்.

நாலரைக்குத் துணி மாத்தும்போது மலத்துல ரத்தம் பாத்தேன். அப்பதான் எனக்குக் கால் நகந்துச்சு. ஓடிப்போய் டாக்டர் கதவத் தட்டி, "மேடம், பாப்பா பச்சையா எடுத்துட்டா, ரத்தமும் போகுது"ன்னேன்.

"எப்போ?"

"இப்பதான்."

டாக்டர்கிட்ட சொன்ன ரெண்டாவது பொய். லெட்டர்ல டாக்டர் எழுதினாங்க, முதல் பச்சை வாந்தி மாலை 4.30.

மூக்கு வழியா ட்யூப் போட்டு, ட்ரிப் ஏத்தி, ஆம்புலன்ஸ்ல வேலூருக்குக் கெளம்பினோம். நான், தானியேல், மடியில பாப்பா. ஃபீபி தையலோட அவ அம்மா கூட பின்னாடி கார்ல வந்தா. மாதனூர் தாண்டும்போது நான் சிரிஞ்ச வெச்சு ட்யூப்ல இழுத்தேன், இருவது மில்லி பச்சைத் தண்ணி வந்துச்சு. பள்ளிகொண்டா டோல்கேட்கிட்ட இன்னும் பதினஞ்சு. தானியேல் அதப் பாத்துட்டு, "நல்லவேளை அக்கா, நீ இருந்த"ன்னான். அவன் விரல் நுனியெல்லாம் தோல் வெட்டி வெட்டிக் காப்பு காச்சிருக்கும். அந்தக் கைய என் தோள் மேல வெச்சான். தட்டி விடணும் போல இருந்துச்சு எனக்கு.

வேலூர்ல ஸ்கேன் எடுத்தாங்க. குழந்தைங்க ஆபரேஷன் டாக்டர், சீனிவாசன்னு பேரு, சின்ன வயசு, தானியேல உக்கார வெச்சு ஒரு தாள்ல வரைஞ்சு காட்டினாரு.

"வயித்துல இருக்கும்போது குடல் ஒரு சுத்து சுத்தி அதது இடத்துல ஒட்டிக்கணும். உங்க பொண்ணுக்கு அது சரியா ஒட்டல. அதனால மொத்தக் குடலும் முறுக்கிக்கிச்சு. முறுக்கினா ரத்தம் போகாது. ரத்தம் போகலன்னா குடல் அழுகிடும். இப்பவே தெறந்து முறுக்க எடுக்கணும். எவ்ளோ மணி நேரமா முறுக்கியிருக்குங்கிறதுதான் இதுல கணக்கு." லெட்டரப் பாத்தாரு. "நாலரைக்கு மொத வாந்தி, இப்ப ஆறு. சீக்கிரமாத்தான் கொண்டாந்திருக்கீங்க. தைரியமா இருங்க."

தானியேல் கையெழுத்து போட்டான். டாக்டர் எழுந்து தியேட்டர் பக்கம் வேகமா நடந்தாரு. நான் பின்னாடியே ஓடி, கதவுகிட்ட அவரப் புடிச்சேன்.

"சார், நாலரை இல்ல. பன்னெண்டரை."

திரும்பிப் பாத்தாரு. என் மொகத்தப் பாக்கல, யூனிஃபார்மத்தான் பாத்தாரு. "நீங்க சிஸ்டரா?"

"ஆமா சார்."

"எத்தன வருஷமா?"

"இருபத்திரெண்டு."

அவர் உள்ள திரும்பி, "ரத்தம் ரெடியா வெய்ங்க, குடல் கருத்திருக்கலாம்"னு யார்கிட்டயோ சொன்னாரு. கதவு சாத்திக்கிச்சு. அறைஞ்சிருந்தா கூட தேவலைன்னு இருந்துச்சு.

ரெண்டு மணி நேரம் கழிச்சு வெளிய வந்தாரு. முறுக்க எடுத்ததும் முக்கால்வாசிக் குடல் நிறம் திரும்பிடுச்சாம். முப்பது சென்டிமீட்டர் திரும்பல, கருத்துப் போச்சு. வெட்டி எடுத்துட்டு மீதியச் சேத்துத் தெச்சிருக்காங்க. பொழைச்சிக்குவா, ஆனா பால் செரிக்க நாளாகும், எடை ஏற நாளாகும், அடிக்கடி வந்து காட்டணும்னாரு. "இன்னும் கொஞ்சம் முன்னாடி தெறந்திருந்தா..."ன்னு ஆரம்பிச்சவரு, தானியேல் மொகத்தப் பாத்துட்டு நிறுத்திக்கினாரு. முப்பது சென்டிமீட்டர். எங்க தம்பி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன ஸ்கேல் அளவு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்குத் தண்டனை. யாராவது பாக்க வந்தா தானியேல் சொல்லுவான், "எங்கக்கா மட்டும் கண்டுபுடிக்கலன்னா எம்பொண்ணு இல்ல." சபையில சாட்சி சொல்லியிருக்கான், பாஸ்டர் என் பேர் சொல்லி ஜெபம் பண்ணியிருக்காரு. அமிர்தவள்ளி அம்மா வராந்தாவுல பக்கத்து பெட்டுக்காரிகிட்ட, "எங்க நர்சம்மா கை ராசியான கை, அவங்கதான் சேனை வெச்சாங்க"ன்னு சொல்றத நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன். இத்தன வருஷமா எந்த வார்த்தைக்கு ஏங்கினேனோ அந்த வார்த்தை. பாத்ரூமுக்குப் போய்க் குழாயத் தெறந்து விட்டுட்டு அழுதேன். அழுதேன்னு சொல்லக் கூட வெக்கமாத்தான் இருக்கு.

பதினோராவது நாள், பாப்பாவுக்கு மொத மொதல்ல வாய் வழியாப் பால் குடுக்கலாம்னு சொன்னாங்க. ட்யூப்ல பச்சை வர்றது நின்னுடுச்சு. மூணு மணிக்கு அஞ்சு மில்லி, பால் புகட்டுற சங்கடைல. மத்தியானம் ஃபீபி பால் பீய்ச்சிக்கினு இருந்தா, நான் பக்கத்துல கப்ப புடிச்சிக்கினு உக்காந்திருந்தேன்.

"அம்மா சொல்றாங்க, நீங்கதான் ஊட்டணுமாம் அண்ணி."

என்னால தாங்க முடியல. கப்ப கீழ வெச்சேன். "ஃபீபி, நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அவ மொதல்ல பச்சையா எடுத்தது பன்னெண்டரைக்கு. நான் துணிய அலசிட்டேன்."

அவ தலையத் தூக்கவே இல்ல. "தெரியும் அண்ணி."

கீழ வெச்ச கப்ப மறுபடி எடுத்து அவகிட்ட நீட்டினேன்.

"நான் தூங்கல. சும்மாதான் கண்ண மூடியிருந்தேன். நீங்க துணிய உருவும்போது பாத்தேன், பச்சையா இருந்துச்சு. கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அண்ணி நர்சாச்சே, ஒண்ணுன்னா சொல்ல மாட்டாங்களான்னு கம்முனு இருந்துட்டேன்." அவ கண்ணுலேந்து தண்ணி கப்புக்குள்ள விழுந்துடப் போகுதுன்னு மொகத்தத் திருப்பிக்கினா. "பதினோரு நாளா அதேதான் நெனைப்பு. நான் அப்பவே கேட்டிருந்தா எம்புள்ளைக்கு முழுக் குடலும் இருந்திருக்கும்ல அண்ணி? பெத்தவ நான் ஏன் கேக்கல?"

ஐயோ. நான் சொமக்க வேண்டியத இந்தப் பொண்ணு பதினோரு நாளா சொமந்துக்கினு, எனக்குச் சாப்பாடும் எடுத்து வெச்சிருக்கா.

"உன் மேல ஒரு துளி தப்பில்லடி. கேட்டிருந்தா உன்கிட்டயும் வெள்ளைன்னுதான் சொல்லியிருப்பேன்."

"அவர்கிட்ட சொல்லாதீங்க அண்ணி. அக்கா அக்கான்னு உருகுறாரு. உடைஞ்சு போய்டுவாரு."

"சொல்லலன்னா நீ கடைசி வரைக்கும் இப்படியே இருப்ப"ன்னுட்டு எழுந்தேன்.

தானியேல் படிக்கட்டுல உக்காந்து ஃபேக்டரிக்கு லீவ் சொல்லிக்கினு இருந்தான். ஃபோன வெக்கிற வரைக்கும் நின்னேன். அப்புறம் ஒண்ணு விடாம சொன்னேன். துணி, பஞ்சு, வெள்ளை, இப்பதான். அமிர்தவள்ளி அம்மா குரல நானே கேட்டுக்கினதயும் சொன்னேன். டாக்டர் தேவகிகிட்ட நாளைக்குப் போய்ச் சொல்லப் போறேன், வேலை போனாலும் போகட்டும்னேன். ஃபீபி கேக்காததுக்குத் தன்னையே குத்தம் சொல்லிக்கினு இருக்கா, அவகிட்டப் போய்ப் பேசுடான்னேன்.

கத்துவான்னு நெனச்சேன். கத்தல. கணக்குப் போடுற மாதிரி மெதுவாக் கேட்டான்.

"பன்னெண்டரைக்குத் துணிய அலசின."

"ஆமா."

"ஒண்ணேகாலுக்கு நான் பிரியாணி குடுத்தேன்."

"ஆமாடா."

"சாப்ட்டியா அக்கா?"

நான் அத யோசிச்சதே இல்ல. இத்தன நாள்ல துணி ஞாபகம் வந்துச்சு, பஞ்சு ஞாபகம் வந்துச்சு, அது மட்டும் ஞாபகம் வரவே இல்ல. ட்யூட்டி ரூம் பெஞ்சு, இலை, பிரியாணிக்குத் தொட்டுக்கிற கத்திரிக்காய். எனக்கு அன்னிக்கு நல்ல பசி.

"சாப்ட்டேன்"னேன்.

அவன் எழுந்து, பேன்ட்ட தட்டி விட்டுக்கினு, மேல ஃபீபிகிட்டப் போய்ட்டான். மூணு மணிக்கு அமிர்தவள்ளி அம்மா வந்து கூப்புட்டாங்க, நர்சம்மா, பால் ஊட்ட வாங்கன்னு. நான் வரல, ஃபீபியே ஊட்டட்டும்னு சொல்லிட்டேன்.